ஓடின வண்டி – 6: பட்டை சொல்லும் கணக்கு

கன்சல்டிங் கடையில் விலை பேசுவது எப்படி என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் வண்டிக்கு அடியில் படுத்தாக வேண்டும். பழைய லுங்கி ஒன்று இருந்தால் நல்லது.

குறைந்த விலைக்குச் சரக்கு வண்டி தேடுகிறவருக்கு நம் பக்கம் முதலில் கிடைப்பது டாடா ஏஸ். பெயர் சொன்னால் சிலருக்குப் புரியாது, ‘குட்டி யானை’ என்றால் எல்லோருக்கும் புரியும். 2005 மே மாதம் சந்தைக்கு வந்தபோது விலை சுமார் இரண்டே கால் லட்சம். 702 சிசி இன்ஜின், இரண்டே சிலிண்டர், 16 குதிரைத் திறன். சுமை 750 கிலோ என்று கம்பெனி சொன்னது. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு மூட்டை அடுக்கிக்கொண்டு வரும் வண்டிகளைப் பார்த்தவர்கள் அந்த 750-ஐக் கேட்டால் சிரிப்பார்கள்.

பழைய வண்டியின் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. வாங்கப் போகிறவர்கள் மீட்டரை எட்டிப் பார்த்து, எழுபதாயிரம் கிலோமீட்டர் என்றால் மலர்கிறார்கள், இரண்டு லட்சம் என்றால் நழுவுகிறார்கள். மீட்டர் வேலை செய்யாமல் எத்தனை வருஷம் ஓடியதோ, யார் எப்போது திருத்தினார்களோ! அது உண்மையாகவே இருந்தாலும் பாதிக் கதைதான். ஊருக்குள் தண்ணீர் கேன் போட்ட வண்டி எழுபதாயிரத்துக்குள் லட்சக்கணக்கான தடவை கிளட்ச் மிதிபட்டிருக்கும். முதல் கியரிலேயே காலம் தள்ளியிருக்கும். லைனில் ஓடிய வண்டி அப்படியில்லை. இன்ஜின் சூடேறி ஒரே சீராக ஓடியிருக்கும், கியர் மாற்றியதும் குறைவு.

என் சித்தி மகன் தேங்காய் வியாபாரி. அவனுக்காகப் பார்த்த கடையில் இரண்டு ஏஸ் நின்றன. ஒன்று எழுபத்தைந்தாயிரம் காட்டியது, புதுப் பெயின்ட், பளபளப்பு. மற்றது இரண்டு லட்சத்தைத் தாண்டியது, கதவடியில் துரு. கூட வந்த மெக்கானிக் மீட்டர் பக்கமே போகவில்லை. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, ஸ்பிரிங் பட்டைகளை விரல் வைத்து எண்ணினார்.

“தம்பி, பளபளப்பா நிக்குதே, அதுல கம்பெனி குடுத்ததுக்கு மேல ரெண்டு பட்டை ஏத்தியிருக்கான். டன்னுக்கு மேல அடிச்ச வண்டி.”

“பட்டை கூட இருந்தா கெட்டிதானே அண்ணே?”

“பட்டை தாங்கும். ஹவுசிங் தாங்குமா?”

பட்டை கூட்டினால் வண்டி பின்னால் படுக்காது, அவ்வளவுதான். கூடுதல் எடை முழுக்க ஹவுசிங், கிரவுன், சக்கர பேரிங், பிரேக் எல்லாவற்றின் மேலும் இறங்கும். பட்டை மாட்டும் இடத்தில் சேஸில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். சித்தி மகன் துருப்பிடித்த வண்டியின் பக்கம் திரும்பினான்.

இன்ஜினைப் பார்க்கக் காலையில் போக வேண்டும், சொல்லாமல் போனால் இன்னும் நல்லது. ஏஸில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கி, தள்ளி நின்று உள்ளங்கையைக் காட்டுங்கள். அனல் அடித்தால், உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளுகிறதா? பேக் கம்ப்ரஷன். பிஸ்டன், ரிங் தேய்ந்துவிட்டன, இன்ஜின் வேலை காத்திருக்கிறது. அதற்கான பணத்தை விலையில் கழித்துப் பேசுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் தொடாதீர்கள். ஆறியபின் திறந்து, தண்ணீர் மேல் எண்ணெய் மிதக்கிறதா என்று பாருங்கள். மிதந்தால் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகப்படலாம்.

நம் ஊரில் இந்த இன்ஜின்களைக் கொல்வது கிலோமீட்டரைவிடப் போர்வெல் தண்ணீர்தான். கூலன்ட் ஊற்றச் சோம்பல்பட்டு உப்புத் தண்ணீரை ஊற்ற, ரேடியேட்டர் குழாய்களில் உப்பு படிந்து அடைக்கும், சூடேறும். உடனே யாராவது தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசியிருப்பார்கள். இந்த வைத்தியத்தை நான் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடிக்காத வைத்தியம். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் தேவையான சூட்டுக்கு வர நேரமாகும். அதுவரை டீசலும் வீண், தேய்மானமும் அதிகம்.

வாங்கியபின் எதை முதலில் செய்வது என்பதில் மெக்கானிக்குக் குழப்பமே இல்லை. பிரேக்: வீல் சிலிண்டர், லைனிங், ஹோஸ். அடுத்து ரேடியேட்டர் சுத்தம், புதுத் தெர்மோஸ்டாட், கூலன்ட். பிறகு முன் சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் கிங் பின்னைப் பார்த்தார். ஆடியது, மாற்றினோம். டயரில் கட்டை இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படித்துவிட வேண்டும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். பெயின்டும் டிங்கரிங்கும் கடைசி. ஆனால் எஃப்.சி. காட்ட வேண்டியவன் பெயின்டைத் தள்ளிப்போட முடியாது. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்டியாக வேண்டும்.

காகிதங்களில் ஒரு நிம்மதி. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. லைசென்ஸ் விஷயத்திலும் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸே 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டிக்கும் போதும் என்று சொல்லிவிட்டது. கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது ஆர்.சி.யில் ஏறியிருக்கும் கடன். பைனான்ஸ்காரர் கையெழுத்திட்ட படிவம் 35 கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். சித்தி மகன் பத்தாயிரத்தை நிறுத்திவைத்தான். கடைக்காரர் முணுமுணுத்தார், மறுவாரமே படிவம் வந்து சேர்ந்தது.

அடுத்த வாரம்: எஃப்.சி. வரிசையில் ஒரு பகல்.

(தொடரும்)