பேண்டேஜ் நெய்யும் கைக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் பங்கு உண்டு

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி அங்கேதான் பெருமளவில் நெய்யப்படுகிறது. அந்தத் துணி எந்தச் சாதிக்காரர் நெய்தது என்று எந்த நோயாளியும் கேட்பதில்லை. ஆனால் அதை நெய்கிற, வெளுக்கிற, சுருட்டுகிற, மூட்டை கட்டுகிற கைகளில் நம் காலனிகளில் இருந்து போகிற கைகளும் இருக்கின்றன என்பதை நாம் அறிவோம். அந்தக் கைகளுக்கு யோசிக்கவும் தெரியும் என்பதைத்தான் ஊர் இன்னும் ஏற்க மறுக்கிறது.

சில மாதங்களுக்கு முன் நம்மிடம் வந்த ஒரு தம்பியின் கதையில் இருந்து தொடங்குவோம். ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவர். பட்டறையில் பேண்டேஜ் சுருட்டுகிற பெண்கள், அவர் அம்மாவும் சேர்த்து, சாயங்காலம் மணிக்கட்டு வலியோடு வீடு திரும்புவதைப் பார்த்து வளர்ந்தவர். பழைய மோட்டார் ஒன்றையும் சைக்கிள் செயினையும் வைத்து, துணியை ஒரே இறுக்கத்தில் சுருட்டி, அளவு வந்ததும் தானாக நிற்கிற ஒரு சின்னக் கருவியைச் செய்தார். ஆசையோடு முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினார். “நல்லா இருக்குப்பா” என்றாராம் அவர். இரண்டு மாதத்தில் அதே மாதிரி நான்கு கருவிகள் லேத் பட்டறையில் தயாராகி ஓடத் தொடங்கின. தம்பிக்குக் கிடைத்தது ஒரு வேட்டி சட்டை.

“அண்ணே, நான் செஞ்சது தப்பா?” என்று கேட்டார். செய்தது தப்பில்லை, காட்டிய வரிசைதான் தப்பு என்று நாம் சொன்னோம். அந்த வரிசையை எவரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. இந்த வாரம் அதைத்தான் எழுதுகிறோம்.

வரிச் சலுகை யார் வீட்டுக்குப் போனது?

புதிய பொருள், புதிய இயந்திரம், புதிய செய்முறை கண்டுபிடிக்கச் செலவிடும் தொழிலுக்கு அரசு பல வகையில் உதவுகிறது. முதல் வகை வரிச் சலுகை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 35(2ஏபி) பிரிவு, தன் சொந்த ஆராய்ச்சிக் கூடத்தில் செலவிடும் நிறுவனங்களுக்குப் பெரிய கழிவு தந்தது. 2010-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அந்தக் கழிவு 200 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதாவது ஆராய்ச்சிக்கு 100 ரூபாய் செலவிட்டால், 200 ரூபாய் செலவிட்டதாகக் கணக்குக் காட்டலாம். 30 சதவீத வரி கட்டும் நிறுவனத்துக்கு இதனால் 60 ரூபாய் வரி மிச்சம். 2017 ஏப்ரல் முதல் கழிவு 150 சதவீதமாகக் குறைந்தது. மிச்சம் 45 ரூபாய் ஆனது. 2020 ஏப்ரல் முதல் 100 சதவீதம்தான். இப்போது ஆராய்ச்சிச் செலவுக்கும் மற்றச் செலவுக்கும் கழிவில் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்.

இந்தச் சலுகையைப் பெற மூன்று தகுதிகள் வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். மத்திய அரசின் அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சித் துறை அங்கீகரித்த ஆராய்ச்சிக் கூடம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வரி கட்டும் அளவுக்கு லாபம் இருக்க வேண்டும். லாபமே இல்லாதவனுக்கு வரிக் கழிவு என்பது, நிலமே இல்லாதவனுக்கு நிலவரித் தள்ளுபடி தருவது போல. தலைமுறை தலைமுறையாக ஆலையும் அலுவலகமும் வைத்திருந்தவர்களுக்கு அது பயன்பட்டது. நம் தெருவில் முதல் தலைமுறையாகத் தொழில் தொடங்குகிறவரின் வாசற்படியை அது மிதித்ததே இல்லை.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. கனடாவில் சிறிய உள்நாட்டு நிறுவனம் நட்டத்தில் ஓடினாலும், ஆராய்ச்சிக்குச் செலவிட்ட தொகையில் குறிப்பிட்ட வரம்பு வரை 35 சதவீதத்தை அரசு ரொக்கமாகவே திருப்பித் தருகிறது. வரி கட்டியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நட்டத்தில் இருக்கும் சிறு நிறுவனம் பணமாகப் பெற வழி இருக்கிறது. இங்கே அந்த வழி இல்லை. இந்தக் கோரிக்கையை நம் இயக்கங்கள் மேடையில் வைக்க வேண்டும் என்பது நம் கருத்து.

“நாம் எங்கே வரி கட்டுகிறோம், கேட்பதற்கு?” என்று சிலர் தயங்குவது உண்டு. தீப்பெட்டி வாங்கினாலும், சோப்பு வாங்கினாலும், செல்போனுக்கு ரீசார்ஜ் போட்டாலும் ஜிஎஸ்டி கட்டுகிறோம். நூறு நாள் வேலைக் கூலியில் இருந்தும் அரசுக் கஜானாவுக்கு வரி போகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். அந்தக் கஜானாவில் இருந்து எடுத்துத் தரும் பணத்தைக் கேட்பது பிச்சை ஆகாது.

வரியில் இல்லாதது மானியத்தில் இருக்கிறது

இரண்டாவது வகை நேரடி நிதி. நம் பிள்ளைகள் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

தமிழ்நாடு தொழில் முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் ‘இன்னோவேஷன் வவுச்சர்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. கையில் யோசனை மட்டும் இருக்கும் நிலையில் 2 லட்சம் ரூபாய் வரை ஒரு வவுச்சர். மாதிரி தயாராகி அடுத்த கட்டத்துக்குப் போகும்போது 5 லட்சம் ரூபாய் வரை இன்னொரு வவுச்சர். சுருட்டும் கருவி செய்த தம்பிக்கு முதல் வவுச்சரே போதுமானதாக இருந்திருக்கும்.

மத்திய சிறு, குறு தொழில் அமைச்சகம் 2022 மார்ச்சில் தொடங்கிய ‘எம்எஸ்எம்இ இன்னோவேட்டிவ்’ திட்டத்தில், தேர்வாகும் ஒரு யோசனைக்கு 15 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில் மாதிரி செய்யவும் சோதித்துப் பார்க்கவும் 20 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறார்கள்.

சத்திரப்பட்டி வட்டாரத்துக்கென்றே தைத்தது போல ஒன்று இருக்கிறது. பேண்டேஜ், காஸ் துணி எல்லாம் ‘தொழில்நுட்ப ஜவுளி’ என்ற பிரிவில் வருகின்றன. 1,480 கோடி ரூபாய் மதிப்பில் 2020-இல் ஒப்புதல் பெற்ற தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்தின் கீழ், ‘கிரேட்’ என்ற திட்டம் 2023-இல் வந்தது. புதிய தொழில்நுட்ப ஜவுளிப் பொருளை உருவாக்க முயலும் இளைஞருக்கு 18 மாதம் வரையிலான காலத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை மானியம். ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கும் கட்டு, காயத்தில் ஒட்டாத கட்டு என்று உலகம் போய்க்கொண்டிருக்கிறது. கோயம்புத்தூரில் உள்ள சிட்ரா நிறுவனம் மருத்துவ ஜவுளிக்கான சிறப்பு மையம். தறியோடு பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் துணியைப் பற்றித் தெரிந்தது, புத்தகத்தில் மட்டும் படித்தவர்களுக்குத் தெரியாது.

பட்டியலினத்தவருக்கென்றே உள்ள நிதிகள் தனி. அம்பேத்கர் சமூகப் புத்தாக்க மற்றும் தொழில் வளர் இயக்கத்தை மத்திய சமூக நீதி அமைச்சகம் 2020 செப்டம்பர் 30 அன்று தொடங்கியது. பட்டியல் சாதி மாணவர்களும் இளைஞர்களும் முன்வைக்கும் தொழில் யோசனைக்கு மூன்று ஆண்டுகளில் 30 லட்சம் ரூபாய் பங்கு மூலதனமாகத் தருவது அதன் நோக்கம். இதற்கான வழி, கல்லூரிகளில் இருக்கும் தொழில் வளர் மையங்கள்தான். தமிழ்நாடு அரசு 2022-23-இல் 30 கோடி ரூபாயுடன் பட்டியலினத்தவருக்கான புத்தொழில் நிதியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அது 50 கோடியாக உயர்த்தப்பட்டது. இவை இரண்டும் கடன் அல்ல. அரசு உங்கள் நிறுவனத்தில் பங்குதாரராகச் சேருகிறது.

கருவி தயார், இனி பட்டறை போட வேண்டும் என்ற கட்டத்தில் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. 2023-24 பட்ஜெட்டில் 100 கோடி ரூபாய் ஒதுக்கி அறிவிக்கப்பட்டது. திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை மானியம். மீதி வங்கிக் கடன், அதன் வட்டியில் 6 சதவீதம் அரசு மானியம். விருதுநகரில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

முதலில் எழுது, பிறகு காட்டு

இப்போது அந்த வரிசைக்கு வருவோம்.

ஒன்று, ஒரு நோட்டு வாங்குங்கள். யோசனை தோன்றிய நாள், வரைந்த படம், செய்து பார்த்தது, தோற்றது எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள்.

இரண்டு, எவரிடமும் காட்டும் முன் காப்புரிமைக்கு விண்ணப்பியுங்கள். ஒரு கருவி பொதுப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டால் அது ‘புதியது’ என்ற தகுதியை இழந்துவிடும். முழு விவரம் தயாராகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டு 12 மாதத்துக்குள் முழு விவரம் தரலாம். தனிநபர் இணையம் வழியாக விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான். பிறகு பரிசோதனைக் கட்டணம் தனி. கிடைத்தால் 20 ஆண்டு அந்தக் கருவி உங்களுடையது. புவிசார் குறியீடு 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் பெயரைக் காத்தது. அது ஊருக்கான காப்பு. காப்புரிமை தனி மனிதரின் மூளைக்கான காப்பு.

மூன்று, உத்யம் பதிவு. இதற்குக் கட்டணமே கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் போதும். பணம் கேட்பவர் எவராக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

நான்கு, ஒரு தொழில் வளர் மையத்தின் கதவைத் தட்டுங்கள். மேலே சொன்ன நிதிகளில் பல இந்த மையங்கள் வழியாகத்தான் வருகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் அடல் சமூகப் புத்தாக்க மையம் இருக்கிறது. மதுரையில் ஸ்டார்ட்அப் டிஎன் வட்டார மையம் இருக்கிறது. அங்கே படித்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஐந்து, நிறுவனம் பதிவு செய்யும்போது பங்கைக் கவனியுங்கள். பட்டியல் சாதியினருக்கான மத்திய துணிகர மூலதன நிதி, 51 சதவீதப் பங்கு நம் கையில் இருக்க வேண்டும் என்கிறது. “உன் பேரில் போடு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வருபவர் உண்டு. பெயர் நம்முடையது, லாபம் அவருடையது. கடன் நோட்டீஸ் மட்டும் நம் வீட்டுக்கு வரும். பினாமிக்குக் கையெழுத்துப் போடுவது, வருங்காலத்தில் நம் பிள்ளைக்கு வரவேண்டிய வாய்ப்பை விற்பது.

கோடிகள் மேலே, கதவு கீழே

2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை, தனியார் துறை ஆராய்ச்சிக்காக ஒரு லட்சம் கோடி ரூபாய் நிதிக்கு ஒப்புதல் தந்தது. குறைந்த வட்டியிலும் வட்டி இல்லாமலும் நீண்ட காலக் கடன் தரும் திட்டம். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போவது 0.64 சதவீதம்தான் என்பதால் இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பணம் நிதி மேலாளர்கள் வழியாக, ஓரளவு நிரூபணமான தொழில்நுட்பத்துக்குத்தான் போகும். கொள்முதலில் 4 சதவீதம் பட்டியலினத் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று மத்திய அரசுக்கே விதி இருக்கிறது. அதே நியாயத்தை ஆராய்ச்சி நிதியிலும் வைத்தால் என்ன?

திட்டங்களின் குறையையும் சொல்ல வேண்டும். விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ‘பிட்ச்’ செய்யச் சொல்கிறார்கள். தமிழில் பேசினால் யோசனையின் மதிப்பு குறைந்துவிடுமா? கிராமத்தில் இருந்து மதுரைக்கு நான்கு முறை போய்வரும் பஸ் கட்டணமும், இழக்கும் நான்கு நாள் கூலியும் எந்தத் திட்ட அறிக்கையிலும் இல்லை. ஒன்றிய அளவில் மாதம் ஒரு நாள், தமிழில், விண்ணப்பம் நிரப்பித் தரும் முகாம் வேண்டும். மாவட்ட நிர்வாகம் நினைத்தால் நாளைக்கே தொடங்கலாம். வளர்ச்சியை நாடும் மாவட்டங்கள் பட்டியலில் 2018-இல் விருதுநகரைச் சேர்த்தார்களே, அதற்கு இதுவும் ஒரு பொருள்தான்.

1918-இல், 27 வயதில், அம்பேத்கர் இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விவசாயத்தில் வேலையின்றித் தேங்கிக் கிடக்கும் உழைப்புக்குத் தொழில் வளர்ச்சியே மருந்து என்றார் அதில். நூறாண்டு கடந்துவிட்டது. நாம் தொழிலுக்குள் வந்துவிட்டோம், ஆனால் கூலிகளாக. இனி கண்டுபிடிப்பாளர்களாகவும் உடைமையாளர்களாகவும் வர வேண்டும்.

அந்தத் தம்பி இப்போது இரண்டாவது கருவி செய்துகொண்டிருக்கிறார். வெளுத்த துணி சீராகக் காய்வதற்கான ஏற்பாடு என்று மட்டும் சொன்னார். “மீதி?” என்று கேட்டோம். “நம்பர் வரட்டும் அண்ணே, அப்புறம் சொல்றேன்” என்று சிரித்தார். விண்ணப்ப எண்ணைத்தான் சொல்கிறார். நாமும் அதற்கு மேல் கேட்கவில்லை.