கார்பன் சைக்கிள் காத்திருக்கட்டும்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் முடிக்கும் பந்தயத்துக்கு டிரையத்லான் என்று பெயர். 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் அந்தப் பெயரோடு தொடங்கியது, 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் இடம் பிடித்தது. ஒலிம்பிக் அளவு என்பது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். புதியவர்களுக்கு இதில் பாதி போதும்: 750 மீட்டர், 20, 5. இந்தப் பந்தயம் சென்னைக்கும் கோவாவுக்கும் வந்து நிலைத்துவிட்டதால், சிறு நகரங்களில் மாரத்தான் ஓடிப் பழகிய இளைஞர்களின் கண்ணும் இப்போது இதன் பக்கம் திரும்பியிருக்கிறது. திரும்பியதும் எழும் முதல் கேள்வி, எந்தச் சைக்கிள் வாங்குவது என்பதுதான். கட்டுப்படியாகும் விலையில் ஒரு கார்பன் டிரையத்லான் சைக்கிள் என்று சந்தை பதில் சொல்கிறது. புதுக்கோட்டை போன்ற ஒரு மாவட்டத்திலிருந்து கிளம்புபவருக்கு அது சரியான பதில் அல்ல. விலை குறைந்தாலும் அது இரண்டாவது சைக்கிளாக இருக்கலாமே தவிர முதல் சைக்கிளாக இருக்கக் கூடாது.

கார்பன் சைக்கிளின் சிறப்பை மறுத்துவிட்டு இந்த வாதத்தைத் தொடங்க முடியாது. முடியைவிட மெல்லிய கரியிழைகளைப் பிசினில் தோய்த்துத் தாள்களாக்கி, அச்சுக்குள் அடுக்கடுக்காகப் பதித்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைத்தால் சட்டம் தயார். இந்த அடுக்கு வேலை பெரும்பாலும் மனிதக் கைகளால்தான் நடக்கிறது. விலை ஏறுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். எஃகுக் குழாயை நினைத்தபடி தட்டையாக்க முடியாது. கரியிழையைக் கத்தி முனைபோலவும் வார்க்கலாம். டிரையத்லான் சைக்கிளில் காற்றைப் பிளக்கும் அந்த வடிவத்தோடு, முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டுவதற்கான ஏரோபார் என்ற கைப்பிடியும், சற்று முன்தள்ளிய இருக்கையும் சேர்கின்றன. எடை குறைவு, காற்றுத் தடை குறைவு என்ற இரண்டு பலன்களுக்காகத்தான் இலட்சத்தைத் தாண்டிப் பணம் கேட்கிறார்கள்.

இரண்டையும் தனித்தனியே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல அலுமினிய ரோடு சைக்கிள் ஏறத்தாழ 10 கிலோ. தொடக்க நிலைக் கார்பன் சைக்கிள் அதைவிட ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ குறையும். சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு கிலோ குறைவதால் மிச்சமாகும் உழைப்பு அரை வாட்டைக்கூடத் தொடாது. அந்த வேகத்தில் போகப் புதியவர் 150 வாட் அளவில் மிதிக்க வேண்டியிருக்கும். ஆக, 20 கிலோமீட்டர் முடிவில் கிடைப்பது சில வினாடிகள். மலைப்பாதை என்றால் கதை வேறு. நார்த்தாமலை, குடுமியான்மலை என்று ஊர்ப் பெயரில் மலை இருந்தாலும் புதுக்கோட்டையில் சாலைகள் மலை ஏறுவதில்லை. காற்று மட்டும் நிஜமான எதிரி: வேகம் இரு மடங்கானால் காற்றை எதிர்க்கும் உழைப்பு எட்டு மடங்காகும். ஆனால் அந்தக் காற்றை அதிகம் தடுப்பது சட்டம் அல்ல, மேலே உட்கார்ந்திருக்கும் உடம்பு. நிமிர்ந்து ஓட்டுபவர் நன்கு குனிந்து ஓட்டினாலே 30 வாட் வரை மிச்சமாகும். அதற்குக் கார்பன் தேவையில்லை. சாதாரண ரோடு சைக்கிளிலேயே சில ஆயிரம் ரூபாயில் ஏரோபார் பொருத்திக்கொள்ளலாம். இருபது நிமிடம் குனிந்திருக்க முடியாமல் முதுகு வலிக்கிறது என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சட்டமும் பயன் தராது.

மோசமான சாலையில் கார்பன் அதிர்வைத் தாங்கிக்கொள்ளும் என்று ஒரு மறுப்பு உண்டு. ஓரளவு உண்மைதான். ஆனால் டயரை ஒரு அளவு அகலமாக்கிக் காற்றைச் சற்றுக் குறைத்தால் கிடைக்கும் சுகம் அதைவிடப் பெரிது, செலவோ சொற்பம். தொடக்கத்திலேயே நல்லதை வாங்கினால் இரண்டு முறை வாங்க வேண்டாமே என்பது அடுத்த மறுப்பு. இதில்தான் பராமரிப்புக் கணக்கு குறுக்கே வருகிறது. எஃகு வளைந்தால் கண்ணுக்குத் தெரியும், பற்றவைக்கலாம். கரியிழையோ வெளியே கீறல் அளவில் காட்டிவிட்டு உள்ளே பிளந்திருக்கக்கூடும். அதன் திருகுகளையும் கைக்கணக்கில் முறுக்கக் கூடாது. அளவு காட்டும் டார்க் ஸ்பேனர் வேண்டும். ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ உள்ள சைக்கிள் கடைக்காரர் கோட்டம் எடுப்பதிலும் பஞ்சர் ஒட்டுவதிலும் கைதேர்ந்தவர். பிளந்த கரியிழைக்கு அவரிடம் மருந்து இல்லை. தவிர, ஏரோபாரில் கை ஊன்றியிருக்கும்போது பிரேக் கைக்கு எட்டாது. ஆடு குறுக்கே வரும், அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். இப்படிப்பட்ட வழிகளில் புதியவர் முதலில் பழக வேண்டியது, கைப்பிடியை உறுதியாகப் பிடித்து வண்டியைக் கட்டுப்படுத்துவதைத்தான்.

எந்தச் சைக்கிள் என்ற கேள்விக்குப் புதுக்கோட்டையிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது. 1991-இல் இங்கு அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். தானாக ஓரிடம் போய்வர முடியாத பெண்ணுக்கு எழுத்து மட்டும் போதாது என்பதே அதன் பின்னிருந்த எண்ணம். சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கவும் வழி செய்யப்பட்டது. ஓட்டப் பழகியவர்களில் கல்குவாரித் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் இருந்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் நகரை வலம் வந்தார்கள். நேரில் வந்து பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதாகப் பதிவு செய்திருக்கிறார். அவர் தரும் இன்னொரு தகவல் நமக்கு முக்கியம். லேடீஸ் சைக்கிள் போதிய அளவில் கிடைக்கவில்லை. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். குறுக்கே பார் இருப்பதால் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு.

பிழைப்புக்கு ஓட்டிய சைக்கிளையும் பந்தயச் சைக்கிளையும் ஒப்பிடலாமா என்று கேட்பது நியாயம். தட்டுப்பாட்டைப் பெருமையாக்கவும் கூடாது. உயரத்துக்குப் பொருந்தாத வண்டி முழங்காலையும் இடுப்பையும் பதம் பார்க்கும், 40 கிலோமீட்டர் மிதிப்பவர் அதைச் சகித்துக்கொள்ளத் தேவையில்லை. நான் எடுத்துக்கொள்வது பொருந்தாத வண்டியை அல்ல, வரிசையை. முதலில் பெருந்திரளானவர்கள் ஓட்டத் தொடங்கினார்கள். பிறகு தங்கள் தேவை என்ன என்று அவர்களுக்கே தெரிந்தது. தேவை தெரிந்தபின் சந்தை அவர்களைத் தேடி வந்தது. விலையுயர்ந்த கருவியை நுழைவுச் சீட்டாக வைத்தால் இந்த வரிசை தலைகீழாகிவிடும். நீச்சலும் ஓட்டமும் நன்றாக வரும் ஏழைப் பிள்ளை, சைக்கிளைப் பார்த்தே பின்வாங்கிவிடும்.

அரசு நடத்தும் போட்டி ஒன்றே இதற்கு வழி காட்டுகிறது. அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்களுக்கு மிதிவண்டிப் போட்டி நடக்கிறது. இந்தியாவில் தயாரான, சாதாரணக் கைப்பிடி கொண்ட சைக்கிளைத்தான் கொண்டுவர வேண்டும் என்பது அதன் விதி. வயதுக்கேற்ப 10 முதல் 20 கிலோமீட்டர் தூரம்; அதிகபட்சத் தூரம் தொடக்க நிலை டிரையத்லானின் சைக்கிள் பகுதிக்கு இணையானது. பள்ளியில் விலையில்லாமல் பெற்ற சைக்கிளிலும் அங்கே போட்டியிடலாம். டிரையத்லான் நடத்துபவர்களும் இப்படிச் சாதாரண சைக்கிளுக்கென்று ஒரு பிரிவை வைத்துத் தனிப் பரிசு கொடுத்தால், பணத்தின் பங்கு குறைந்து காலின் பங்கு கூடும்.

அப்படியானால் புதியவர் என்ன செய்யலாம்? உயரத்துக்குப் பொருந்தும் கியர் சைக்கிள் வீட்டில் இருந்தால் முதல் பந்தயத்தை அதிலேயே முடியுங்கள். வாங்கத்தான் வேண்டுமென்றால் அலுமினியச் சட்டம், நம்பகமான பிரேக், நல்ல டயர் உள்ள ரோடு சைக்கிள் போதும்; மிச்சப் பணத்தை ஹெல்மெட்டுக்கும் நீச்சல் பயிற்சிக்கும் வையுங்கள், ஏனென்றால் புதியவர்களை அதிகம் தடுத்து நிறுத்துவது சைக்கிள் அல்ல, தண்ணீர். ஒன்றிரண்டு ஆண்டு ஓட்டியபின் குனிந்த நிலை பழகி, வேகம் கூடாமல் நின்றுபோனால், அப்போது கார்பனைப் பற்றி யோசிக்கலாம்.