தோட்டத்து மருந்தும் தொழிலாளர் இசைவும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் படிக்கும் மாணவர், அளவறிந்து உண்ணுதலைப் பற்றிய குறள்களையே பெரும்பாலும் நினைவில் வைத்துக்கொள்வர். அதிகாரத்தின் இறுதிக் குறள் அவசரமாகக் கடந்து செல்லப்படுவது. ஆயின், மருத்துவத்துக்கு உறுப்புகள் நான்கு என்று வள்ளுவர் வகுத்த இடம் அதுவே. நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து பணிசெய்வோன் என அவர் எண்ணிச் செல்லும் வரிசையில் நோயாளியே முதலில் நிற்கின்றான். இது வெண்பாவின் ஓசை நோக்கி மட்டும் அமைந்த வரிசையன்று என்பது நமது துணிபு. நோயாளியும் மருத்துவத்தின் உறுப்பாயின், அவன் அறியாமலும் இசையாமலும் செய்யப்படும் மருத்துவம் உறுப்புக் குறைந்த மருத்துவமாகும் அன்றோ?

பொதுச் சுகாதாரம் என்பது தனியொருவரைப் பாராது ஊர் முழுவதையும் நோக்கும் துறை. ஊரைக் காக்கும்பொருட்டு ஒருவரை எவ்வளவு தூரம் வற்புறுத்தலாம், ஆராய்ச்சியின் சுமையைத் தாங்குவோர் யாவர், அதன் பயனைப் பெறுவோர் யாவர் என்னும் வினாக்கள் இத்துறையிலே எழுகின்றன. நமது கல்லூரியிற் பயின்றோருட் சிலர் தோட்ட வைத்திய உதவியாளராயும் சுகாதாரப் பரிசோதகராயும் தாதியராயும் பணிபுரிகின்றனர். இன்னும் பலர் அவர்களுடைய கையால் மருந்து வாங்கி உண்டவர்கள். ஆதலின் இவ்வினாக்களுக்கு விடைதேட நாம் தூரதேசம் போகவேண்டியதில்லை. ஹொப்டனிலும் அடாவத்தையிலும் மடுல்சீமையிலும் கொழுந்தெடுத்த நம் முன்னோரின் வெறுங்கால்களிலிருந்தே தொடங்கலாம்.

அக்கால்களின் வழியாக உடலிற் புகுந்தது கொழுக்கிப்புழு. நோயாளியின் மலத்தோடு வெளிவரும் இப்புழுவின் முட்டை, நிழலும் ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் பொரித்துக் கண்ணுக்குத் தெரியாத குடம்பியாகின்றது. நுவரெலியாவின் குளிரைவிட லுணுகலை போன்ற நடுத்தர உயரத்து மலைகளே அதற்கு உவப்பானவை. வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து, இரத்தத்தோடு ஓடி, நுரையீரல் வழியாகக் குடலை அடைந்து, அங்கே பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். ஒருவர் உடலில் நூற்றுக்கணக்காகப் பெருகியவிடத்து முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும், கொழுந்துக் கூடையோடு மலையேறுதல் இயலாததாகும். இத்தகையோரைச் சோம்பேறிகள் என்று வைதவர் பலர். அவர்களுடைய இரத்தம் எங்கே போயிற்று என்று வினவியவர் சிலரே.

அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் 1913 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதற்கு முன்னரே, 1909 ஆம் ஆண்டு தொடக்கம், ரொக்பெல்லர் செல்வத்தைக்கொண்டு அந்நாட்டின் தென்மாநிலங்களில் இப்புழுவை ஒழிக்கும் வேலை நடைபெற்றது. இலங்கையில் அவ்வேலை 1916 ஆம் ஆண்டு மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் ஆரம்பமாகிப் பின்னர் ஏனைய தோட்டப் பகுதிகளுக்கும் பரவியது. பரிசோதித்துப் பார்த்தபோது தோட்டத் தொழிலாளருட் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. இத்துணைப் பேரைப் பிடித்த நோயைக் கண்டறிந்து மருந்தும் கொண்டுவந்தவர்க்கு நன்றி கூறவேண்டியதே முறை. நன்றி கூறியபின் வினவவேண்டியவற்றை வினவுவோம்.

அக்காலத்து மருந்துகளில் ஒன்று தைமோல். முதல்நாள் மாலை பேதியுப்பு. மறுநாட் காலை வெறுவயிற்றில் தைமோல். அதன்பின் மீண்டும் பேதியுப்பு. தைமோல் குடலிலே தங்கிப் புழுவைக் கொல்லவேண்டுமேயன்றி, இரத்தத்திற் கலத்தல் ஆகாது. எண்ணெய்ப் பண்டமோ சாராயமோ அதனோடு சேர்ந்தால் அது கரைந்து உடலிற் பரவி நஞ்சாகும். ஆகவே, அன்றைக்கு எதை உண்ணலாகாது, எதைக் குடிக்கலாகாது என்று அறியாதவனுக்கு இம்மருந்து ஆபத்தானது. விளக்கிச் சொல்லுதல் என்பது இங்கே வெறும் மரியாதை அன்று என்பதை வாசகர் கவனிக்க. மருந்தின் பாதி அதுவே. பின்னர் வந்த கீனோப்போடியம் எண்ணெய்க்கும், 1920 களில் வழங்கிய காபன் நாற்குளோரைட்டுக்கும் இக்கூற்றுப் பொருந்தும். பின்னது ஈரலைத் தாக்கவல்லது.

இனி, அம்மருந்து கொடுக்கப்பட்ட இடத்தை நோக்குவோம். துரையின் அனுமதியோடு, செக்ரோலிற் கண்ட பெயர்வரிசைப்படி ஆட்களை நிறுத்தி, கண்முன்னே விழுங்கச் செய்வதே தோட்டத்து வழக்கமாயிற்று. தொழிலாளரின் உடல் தேறினால் வேலைத்திறன் பெருகும் என்பதே துரைமாரை இணங்கவைத்த நியாயம். துரை இணங்கினார், ஆதலால் தோட்டம் இணங்கியதாகக் கொள்ளப்பட்டது. பெரட்டுக்களத்தில் கங்காணி முன்னிற்க, துரை பார்த்திருக்க, வேண்டாம் என்று வாய்திறந்தால் அன்றைக்குப் பேர் விழுமா என்று அஞ்சுகின்ற ஒருவன் மருந்தை வாயில் இட்டுக்கொண்டதை இசைவு என்று எவ்வாறு சொல்வது? மருந்து நல்லதே, கொடுத்தவர் எண்ணமும் நல்லதே எனக் கொள்வோம். ஆயினும், கேட்காமற் கொடுக்கப்பட்ட நன்மை அது.

நீதியின் வினா இதனினும் ஆழமானது. இன்று மருந்துண்டு புழு நீங்கியவன் நாளை அதே மண்ணில் அதே வெறுங்காலோடு நடப்பானாயின், சில மாதங்களில் மீண்டும் நோயாளியாவான். மண்ணைத் தூய்மையாக்க மலசலகூடங்கள் வேண்டும். இதனை ரொக்பெல்லர் மன்றத்து வைத்தியரும் அறிந்திருந்தனர், வற்புறுத்தியும் வந்தனர். ஆயின் மருந்துக்கு ஆகும் செலவு சிறிது. லயந்தோறும் மலசலகூடம் கட்டி, நீர்வசதி செய்து, துப்புரவாகப் பேணுவதற்கு ஆகும் செலவு பெரிது. தோட்ட உடைமையாளர் முன்னதை விரும்பி ஏற்றனர், பின்னதைக் காலங்கடத்தினர். இதன் பயனாக, தொழிலாளி தன் குடலிலே மருந்தின் வேதனையைத் திரும்பத் திரும்பச் சுமந்தான். தோட்டத்தின் கணக்கேட்டிலே அச்சுமை எழுதப்படவில்லை. சுமை ஒருவருக்கும் ஆதாயம் மற்றொருவருக்கும் ஆகும் இத்தகைய பங்கீட்டையே அறநூலார் அநீதி என்பர். அதற்கு வடிவான உதாரணம் வேண்டுவோர் பழைய லயங்களின் பின்புறத்தைப் பார்த்தாற் போதும்.

சட்டம் இல்லையோ எனின், இருந்தது. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1872 ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் பிறந்தது. 1912 ஆம் ஆண்டின் சட்டம் துரைக்குக் கடமைகளை நிரலே வகுத்தது. லயங்களையும் சுற்றாடலையும் சுகாதாரமாக வைத்திருத்தல், நோயுற்றோரை விசாரித்து அறிதல், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் கொடுத்தல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் போஷாக்கைக் கவனித்தல் முதலியன அவற்றுட் சில. படிக்கும்போது மனங்குளிரும். ஆனால் இக்கடமைகள் தவறினால் தட்டிக்கேட்கும் உரிமை பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கப்படவில்லை. கடமை துரைக்கும் அரசுக்கும் இடையே நின்றுவிட்டது.

மண்டபம் முகாமைப் பற்றிப் பாட்டன் பாட்டியர் வாய்வழியாகக் கேட்டோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. 1917 ஆம் ஆண்டு தொடக்கம் தோட்டங்களுக்கு வரும் தொழிலாளர் அங்கே சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, பரிசோதிக்கப்பட்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர். வாந்திபேதியும் பெரியம்மையும் கொள்ளைகொண்ட காலத்தில் தடுத்துவைத்தல் அவசியமாயிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அவசியமான காரியத்தையும் மனிதனை மனிதனாக மதித்துச் செய்யலாம் என்பது மட்டுமே நாம் சொல்வது.

உலகம் இவ்வினாக்களை எழுத்தில் வைத்தது இரண்டாவது மகாயுத்தத்தின் பின்னரே. சிறைமுகாம்களில் மனிதரைப் பரிசோதனைப் பொருளாக்கிய ஜேர்மன் வைத்தியர்களை விசாரித்த நூரம்பேர்க்கு நீதிமன்றம் 1947 ஆம் ஆண்டு வகுத்த விதிகளில் முதலாவது, பரிசோதனைக்கு உட்படுவோரின் சுயவிருப்பான இசைவு. 1948 ஆம் ஆண்டு டிசம்பர் 10 ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 25 ஆம் உறுப்புரை, உடல்நலத்துக்குப் போதிய வாழ்க்கைத் தரத்தை யாவர்க்கும் உரிமையாக்கிற்று. இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததோ அதே ஆண்டு நவம்பர் 15 ஆம் திகதி. உலகத்தார் யாவர்க்கும் உரிமை என்ற பேச்சு எழுவதற்கு ஒரு மாதத்துக்குள் முன்னதாக, மலையகத்தில் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். அந்நிலை பல ஒப்பந்தங்களையும் சட்டங்களையும் கடந்து 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடேயே தீர்ந்தது. வாக்கில்லாதவரின் வயிற்றுப்புழுவைப் பற்றிச் சட்டசபையிற் பேச யாருக்குத் தேவை இருந்தது?

விதிகள் எழுதப்பட்டதனால் மட்டும் தீமை ஓயவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டஸ்கிகீ என்னும் ஊரில், அந்நாட்டு அரசின் சுகாதாரச் சேவையே 1932 ஆம் ஆண்டு தொடக்கம் 1972 ஆம் ஆண்டு வரை ஏறக்குறைய 400 கறுப்பின ஆண்களின் மேகநோயைச் சிகிச்சை செய்யாது கவனித்துக்கொண்டிருந்தது. பெனிசிலின் கிடைத்த பின்னரும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. நோயின் பெயர்கூட உள்ளவாறு சொல்லப்படவில்லை. அவர்கள் பருத்தி விளைந்த நாட்டின் ஏழை உழவர். நம்மவர் தேயிலை நாட்டின் கூலிகள். இவ்வநீதி வெளிப்பட்டதன் பின் எழுந்த 1979 ஆம் ஆண்டின் பெல்மொண்ட் அறிக்கை, மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி என மூன்றை ஆராய்ச்சிக்கு அறமாக வகுத்தது. எளிதிற் கைக்கு அகப்படுவோர், எதிர்த்துப் பேச இயலாதோர் என்பதற்காகவே ஒரு கூட்டத்தாரை ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்தல் ஆகாது என்பது அதில் நீதி என்பதன் பொருள்.

நம் நாட்டுக்கு மீள்வோம். 1980 களில் நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு உட்படுவோர்க்கு அரசு பணம் கொடுத்தது. அத்தொகை ஒரு காலத்தில் 500 ரூபாயாயிருந்தது. தோட்டத்து நாட்கூலி 30 ரூபாயை எட்டாத காலம் அது. பதினைந்து நாட் கூலியைவிட அத்தொகை மிகுதி. நாட்டின் மதிப்பீடுகளோ, நகரத்தையும் கிராமத்தையும்விடத் தோட்டத்துப் பெண்களிடத்தேயே நிரந்தரக் கருத்தடை மிகுந்திருப்பதை மீண்டும் மீண்டும் காட்டின. எல்லோரும் வற்புறுத்தப்பட்டனர் என்று கூறுதல் உண்மையாகாது. இனிப் பிள்ளை வேண்டாம் என்று தாமே துணிந்த தாய்மார் பலர். ஆயின், தற்காலிக முறைகள் அவர்களுக்கு விளக்கப்பட்டனவா? வறுமையின் முன்னே நீட்டிய 500 ரூபாய் விருப்பத்தைத் தீர்மானிக்கவில்லையா? காய்ச்சலுக்கு வைத்தியசாலை செல்ல லொறிக்குக் காத்துக் கிடந்தவளுக்கு, இதற்கு மட்டும் வாகனம் வாசலில் வந்து நிற்குமாயின், அவள் அதனை எவ்வாறு விளங்கிக்கொள்வாள்? வினாக்களை எழுப்புவது குற்றஞ்சாட்டுவதாகாது. சனங்களின் நம்பிக்கை எதனால் குலைகின்றது என்பதை அறியவே இவ்வினாக்கள்.

இவ்விடத்தில் தமிழாசிரியர் ஒருவரின் தொழிலுக்குரிய சொல்லாராய்ச்சிக்கு வாசகர் சிறிது இடந்தருக. 'சரிங்க' என்பது தோட்டத்திலே பல பொருள் தரும் சொல். விளங்கிற்று என்பதும் சரிங்க; விளங்கவில்லை, ஆயினும் நீங்கள் பெரியவர் என்பதும் சரிங்க; எப்படியாவது என்னை விட்டுவிடுங்கள் என்பதும் சரிங்க. இசைவு என்பதோ இயைதல், பொருந்துதல் என்னும் கருத்துடையது. இரு பக்கத்தாரின் மனமும் கூடினால் அன்றி அது அமையாது. சரிங்க என்றதைக் கேட்டு இசைவு என்று பத்திரத்தில் எழுதிக்கொள்பவர் தமிழறியாதவர் மட்டுமல்லர், மனிதரையும் அறியாதவர். 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் ஊவாவின் வைத்தியசாலைகளில் தமிழறிந்த ஊழியர் போதாமையால், தன் மொழியல்லாத மொழியில் எழுதிய தாளில் கையொப்பம் இடுதலும் கைநாட்டு வைத்தலும் நம்மவர்க்குப் பழகிப்போயின.

2020 ஆம் ஆண்டில் கொரோனா தொற்று வந்தபோது, நோயுற்றவர் தனியறையில் இருத்தல் வேண்டும் என்று உலகமெங்கும் சொல்லப்பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஆறு பேர் உறங்குமிடத்துத் தனியறை ஏது? விதியை வகுப்போர் மனக்கண்ணில் எவ்வகை வீடு இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

ஆராய்ச்சியே வேண்டாம் என்பது நமது கட்சியன்று. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 17.3 ஆகவும், தோட்டங்களில் 31.7 ஆகவும் காணப்பட்டனர். அளந்து பார்த்திராவிடின் இவ்வேறுபாடு எவர்க்கும் தெரிந்திராது. ஆனால், அளக்கும் கோல் வருமளவு விரைவாகப் பாலும் பருப்பும் நல்ல தண்ணீரும் வருவதில்லை. ஒரு பிள்ளையின் உயரத்தைப் பலமுறை குறித்துச் செல்வோர், குறிப்பின் முடிவை அப்பிள்ளையின் தாய்க்குத் திரும்பிவந்து சொல்லுதல் மிகவும் அருமை.

இன்று மருத்துவபீடங்களில் ஆராய்ச்சிகளை முன்னரே ஆய்ந்து அனுமதிக்கும் அறநெறிக் குழுக்கள் உள்ளன. அவற்றின் அனுமதியோடு தோட்டத்துக்கு வருவோர், உடன்வந்து மொழிபெயர்க்க நம் உயர்தர வகுப்பு மாணவரை அழைத்தல் உண்டு. அவ்வாறு செல்லும் மாணவர், கேட்பவரின் சொல்லை மட்டுமன்றி, விலகிக்கொள்ளலாம் என்ற செய்தியையும், விலகினால் மருந்தோ வேலையோ நின்றுவிடாது என்பதையும் தோட்டத்துத் தமிழில் நிறுத்திச் சொல்லுக. விளங்கிற்றா என்று கேளாது, விளங்கியதைச் சொல்லுங்கள் என்று கேட்க. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அவ்வேளையில் அப்பாற் போயிருத்தல் நன்று. தமிழில் எழுதிய தாளின் ஒரு படியைக் கையொப்பமிட்டவரிடமே கொடுக்கச் சொல்லுக. லயத்துத் தகரப்பெட்டியில், பிறப்புச் சான்றிதழோடும் அடையாள அட்டையோடும் அதுவும் கிடக்கட்டும்.