உங்களுக்குத் தெரியுமா? உரிமம் கப்பலுக்கு, காட்டுவழிக்கு அல்ல

ஹாங்காங்கிலிருந்தும் சீனத் துறைமுகங்களிலிருந்தும் ஆள் ஏற்றிய கப்பல்களுக்காக 1855-இல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. 20 ஆசியப் பயணிகளுக்கு மேல் ஏற்றி, 7 நாளுக்கு மேல் ஓடும் கப்பலுக்கு அதிகாரியின் சான்றிதழ் வேண்டும். ஆளுக்கு 12 சதுர அடித் தளமும் 72 கன அடி இடமும் தர வேண்டும். சென்னையிலிருந்து மொரீஷியசுக்கும் நேட்டாலுக்கும் கூலியாட்களை ஏற்றிய கப்பல்களுக்கும் இதுபோன்ற உரிம விதிகள் இருந்தன. ஆனால் அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்த பெரம்பலூர், அரியலூர் பகுதிகளுக்கு அருகில் இருந்த அயல்நாடு இலங்கைதான். அந்த வழிக்கோ 1847-ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கு அளித்துவிட்டது. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி முன்பணம் கொடுத்து அழைத்துப் போனால் போதும். கடல் குறுகியது, ஆபத்து எங்கே என்பார்கள். ஆபத்து கடலில் மட்டுமா இருந்தது? இலங்கையின் மன்னாரில் இறங்கி மலைநாட்டு வாசலான மாத்தளை வரை காட்டுவழி நடந்தவர்களைக் காலராவும் காய்ச்சலும் வாரிக்கொண்டு போயின. அந்தப் பாதையை அளக்க எந்தச் சான்றிதழிலும் கட்டம் இல்லை.

அதற்காக உரிமமே வெறும் கண்துடைப்பு என்றும் தள்ளிவிட முடியாது. 1856-57-இல் கல்கத்தாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன கப்பல்களில் நூற்றுக்குச் சுமார் 17 பேர் இறந்தார்கள். பின்னர் மருத்துவரும் சுகாதார விதிகளும் இறுக்கப்பட, சாவு வெகுவாகக் குறைந்தது. விதி உயிர் காத்தது உண்மை. யாருக்கு அது பொருந்தும் என்பதைத் தோட்ட முதலாளிகளின் தேவை தீர்மானித்தது என்பதும் உண்மை. அந்தத் தேவைக்காகவே 1904-இல் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் அலுவலகம் திருச்சியிலேயே திறக்கப்பட்டது.