பிரிண்டர் எங்கேயும் போகவில்லை

நம் சங்க நூலகத்தில் ஞாயிறு மாலை கூடும் அன்பர்களிடையே, மூட்டு வலிக்கு அடுத்தபடியாக அதிகம் அடிபடும் பேச்சு வீட்டுப் பிரிண்டரைப் பற்றியதுதான். "நேற்று வரை அடித்தது சார், இன்று ஆஃப்லைன் என்கிறது" என்று சொல்லாதவர் இல்லை. நானும் ஆறு மாதம் சொல்லிக் கொண்டிருந்தவன். கம்பியில்லாப் பிரிண்டர் வாங்கியது, பேத்தியின் பள்ளிப் பாடங்களையும் என் பென்ஷன் காகிதங்களையும் வீட்டிலேயே எடுத்துக் கொள்ளலாம் என்றுதான். வாரம் ஒரு முறையாவது அது காணாமல் போய்விடும். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டால் சில நாள் வரும், சில நாள் வராது. வந்தால் பிள்ளையாருக்கு நன்றி சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். காரணத்தைத் தேடியதில்லை. தேட வேண்டிய நாள் 2025 மே 4 அன்று வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, நீட் தேர்வு. காலை ஒன்பது மணிக்குக் கீழ்த் தளத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி மகளையும் அழைத்துக் கொண்டு வந்து நின்றார். நுழைவுச் சீட்டு மூன்று பக்கம். கடைக்காரர் முதல் பக்கத்தை மட்டும் அச்சடித்துக் கொடுத்திருந்ததை, புகைப்படம் ஒட்ட உட்கார்ந்தபோதுதான் கவனித்திருக்கிறார்கள். அவள் கணவர் வேலை விஷயமாக வெளியூரில். கடையோ ஞாயிறு விடுமுறை. பகல் ஒன்றரை மணிக்குத் தேர்வு மையத்தின் கதவை மூடிவிடுவார்கள். மையம் ஊரின் மறு கோடியில். "மாமா, உங்க வீட்டில பிரிண்டர் இருக்கே" என்றாள். "அதுக்கென்னம்மா, ரெண்டு நிமிஷம்" என்றேன்.

கம்ப்யூட்டர் ஆஃப்லைன் என்றது.

பிறகு நான் செய்தது எல்லாமே தவறு. அச்சடி என்ற பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். பிரிண்டரின் வயிற்றைத் திறந்து காகிதம் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தேன். முக்கால் மணி நேரம் போயிற்று. அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக் கொண்டிருந்தாள். கடைசியில் புனேயில் இருக்கும் என் மகனுக்குப் போன் செய்தேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தவன், "அப்பா, பிரிண்டர் எங்கேயும் போகலை. நீங்க பழைய விலாசத்துக்கு அனுப்பிட்டிருக்கீங்க. இப்ப எங்க இருக்கேன்னு அதுகிட்டயே கேளுங்க" என்றான்.

அவன் சொன்னது எனக்குச் சட்டென்று புரிந்ததற்குக் காரணம் உண்டு. 1981-ல் லட்சுமிபாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து ராமகிருஷ்ணபுரத்துக்கு மாறினேன். ஊரிலிருந்து அம்மா எழுதிய கடிதங்கள் பழைய வீட்டுக்கே போய், ஆள் இல்லை என்று திரும்பின. அம்மா பயந்து போய் அலுவலகத்துக்குத் தந்தி கொடுத்தாள். நான் தில்லியிலேதான் இருந்தேன். பஸ்ஸில் அரை மணி தூரம் தள்ளி இருந்தேன், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் ஆஃப்லைன் என்று சொல்வதும் பெரும்பாலும் அம்மாவின் தந்தியைப் போன்றதே. பிரிண்டர் செத்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. எனக்குத் தெரிந்த விலாசத்தில் பதில் சொல்ல ஆள் இல்லை என்றுதான் பொருள்.

வீட்டில் இந்த விலாசங்களைப் பங்கிடுவது ரவுட்டர் என்னும் பெட்டி. என் காலத்தில் நிர்மாண் பவனில் இருந்த எஸ்டேட் அலுவலகம் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். கம்ப்யூட்டர், கைபேசி, டி.வி., பிரிண்டர் என்று யார் வந்து கேட்டாலும் 192.168 என்று தொடங்கும் ஓர் எண்ணை ஒதுக்கிக் கொடுக்கும். இந்த வரிசை எண்கள் வீடு, அலுவலகங்களின் உள் உபயோகத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை. அதனால்தான் உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் ஒரே எண்கள் இருந்தும் குழப்பம் வருவதில்லை. இப்படிக் கேட்டு வாங்கும் முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். 1993-ல் வகுக்கப்பட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, ஒதுக்கீடு நிரந்தரமல்ல என்பது. குத்தகை மாதிரி, பல ரவுட்டர்களில் ஒரு நாளைக்குத்தான். உபயோகத்தில் இருக்கும் வரை தானாகவே புதுப்பித்துக் கொள்ளும். ஆனால் மின்சாரம் போய் வந்தால் பல வீட்டு ரவுட்டர்களுக்குப் பழைய பதிவேடு மறந்துவிடும். முதலில் வந்தவருக்கு முதல் வீடு.

அந்த மே 2-ம் தேதி விடியலில் தில்லியில் அடித்த புயல்மழை நினைவிருக்கும். எங்கள் குடியிருப்பில் மின்சாரம் வெகுநேரம் வரவில்லை, இன்வர்ட்டரும் ஓய்ந்துவிட்டது. மின்சாரம் திரும்பியதும் எல்லாச் சாமான்களும் ஒரே சமயத்தில் எழுந்து ரவுட்டரிடம் விலாசம் கேட்டிருக்கின்றன. பிரிண்டரிடம் அதுவரை இருந்தது 192.168.1.5. அந்த ஐந்தை டி.வி. வாங்கிக் கொண்டுவிட்டது. பிரிண்டருக்குக் கிடைத்தது ஒன்பது. கம்ப்யூட்டர் மட்டும் விவரம் தெரியாமல் ஐந்துக்கே அனுப்பிக் கொண்டிருந்தது. அதாவது பத்து மணி வரை நான் அந்தப் பெண்ணின் நுழைவுச் சீட்டை டி.வி.க்கு அனுப்பிக் கொண்டிருந்தேன்! சில பிரிண்டர்கள் பழைய எண்ணையே கேட்டு வாங்கும்; அது காலியாக இருந்தால்தானே கிடைக்கும்? அணைத்துப் போட்டால் சில நாள் மட்டும் சரியாவதன் ரகசியமும் இதுவே.

பிரிண்டரிடம் எப்படிக் கேட்பது? சின்னத் திரை உள்ள பிரிண்டரானால் நெட்வொர்க் என்ற பகுதியில் எண் தெரியும். திரை இல்லாவிட்டால், அதன் மேலிருக்கும் பொத்தானை அழுத்தி நெட்வொர்க் விவரத் தாளை அச்சடிக்கச் சொல்லலாம். எந்தப் பொத்தான், எத்தனை வினாடி என்பது ஒவ்வொரு மாடலுக்கும் வேறுபடும், கூட வந்த கையேட்டில் இருக்கும். இந்தத் தாளை அடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம். அதற்கு முன் வைஃபை விளக்கைப் பாருங்கள். நிலையாக எரிந்தால் பிரிண்டர் வீட்டுக்குள் இருக்கிறது. விட்டுவிட்டு மின்னினால் ரவுட்டரையே அது சேரவில்லை. வைஃபை பாஸ்வேர்டை மாற்றினீர்களா என்று யோசியுங்கள்.

எண் கையில் கிடைத்ததும், கம்ப்யூட்டரில் இணையதள முகவரி அடிக்கும் இடத்தில் அதை அடித்துப் பாருங்கள். பிரிண்டரின் பக்கம் திறந்தால் வழி சரியாக இருக்கிறது, கோளாறு கம்ப்யூட்டரின் குறிப்பேட்டில். திறக்காவிட்டால் இருவரும் வெவ்வேறு வலையில் இருக்கலாம். விருந்தினருக்கென்று ரவுட்டரில் தனி வைஃபை வைத்திருப்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக் கொள்கிறார்கள். அந்த வலையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு வீட்டுப் பிரிண்டரைப் பார்க்க உரிமை கிடையாது. இன்னொன்று, பல வீட்டுப் பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். புது ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் அனுப்பினால் அவற்றின் காதில் விழாது. மைக்ரோவேவ் அடுப்பும் அந்த 2.4-ஐ ஒட்டித்தான் வேலை செய்கிறது. பிரிண்டரைச் சமையலறைச் சுவரோரம் வைத்துவிட்டு, சாப்பாடு சூடு பண்ணும் நேரத்தில் மட்டும் தகராறு செய்கிறது என்று வியப்பவர்கள் இடத்தை மாற்றிப் பார்க்கலாம்.

விண்டோஸ் குறிப்பேட்டைத் திருத்த, செட்டிங்ஸில் பிரிண்டர்கள் பட்டியலுக்குப் போய், உங்கள் பிரிண்டரின் பிரிண்டர் பிராப்பர்டீஸ், அதில் போர்ட்ஸ். டிக் போட்ட வரியில் பழைய எண் இருக்கும். ஆட் போர்ட் என்பதை அழுத்தி, ஸ்டாண்டர்ட் டி.சி.பி. ஐ.பி. போர்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, புது எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் டபிள்யூ.எஸ்.டி. என்று இருந்தாலும் இதையே செய்யலாம். அது பிரிண்டரைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு. என் அனுபவத்தில் அதன் தேடல் நம்பும்படி இல்லை.

மகன் போனில் சொல்லச் சொல்ல நான் ஒன்பதைப் போட்டதும், பிரிண்டர் முனகிக் கொண்டு எழுந்தது. வரிசையில் நின்றிருந்தவை எல்லாம் வரத் தொடங்கின. மூன்று பக்கம் வீதம் பதினோரு பிரதி! அந்தப் பெண் முதல் மூன்றை எடுத்துக் கொண்டு, "வரேன் தாத்தா" என்று படியில் ஓடினாள். பதினோரு மணிக்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. மிச்சத் தாள்களின் பின்பக்கத்தில்தான் இந்தக் கட்டுரையின் முதல் பிரதியை எழுதினேன்.

அன்று எனக்குத் தெரியாமல் போன இன்னொரு வழியும் உண்டு. கைபேசி பிரிண்டரைப் பெயரால் தேடும், எண்ணை மனப்பாடம் செய்து வைத்துக் கொள்ளாது. அவள் போனை எங்கள் வைஃபையில் சேர்த்திருந்தால் ஒன்பது ஐந்துக்கே வேலை முடிந்திருக்கலாம். கைபேசியிலிருந்து அச்சாகிறது, கம்ப்யூட்டரிலிருந்து ஆகவில்லை என்றால், தவறு விலாசத்தில்தான் என்று முக்கால்வாசி முடிவு கட்டிவிடலாம்.

நான் செய்த திருத்தம் அடுத்த மின்வெட்டு வரைக்கும்தான் தாங்கும். நிரந்தர வழி ரவுட்டரில் இருக்கிறது. அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ரவுட்டரின் விலாசமும் நுழையும் பெயரும் இருக்கும். விலாசம் பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. உள்ளே டி.எச்.சி.பி. பகுதியில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்று ஓரிடம். இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலில் பிரிண்டரைத் தேர்ந்து, அதற்கென்று ஓர் எண்ணை எழுதிச் சேமித்துவிட்டால் வேறு யாருக்கும் அந்த எண் போகாது. பிரிண்டரை ஒரு முறை அணைத்துப் போட்டு, அதே எண்ணைக் கம்ப்யூட்டரிலும் கொடுங்கள். இதைச் செய்தபின் எங்கள் வீட்டில் பல மின்வெட்டு வந்து போய்விட்டது. பிரிண்டர் விலாசம் மாறவில்லை.

மாற்றலாகி வேறு ஊர் போகிறவர்களும், இணையக் கம்பெனியை மாற்றுகிறவர்களும் புது ரவுட்டரில் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையுமே புதிதிலும் வைத்துக் கொண்டால், மற்ற சாமான்களாவது தானாக வந்து சேர்ந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு சதுர முனை யு.எஸ்.பி. கம்பியை நேரு பிளேஸில் வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன். பரீட்சைக் காலத்தில் கம்பியில்லாததை முழுக்க நம்புவதில்லை. ரவுட்டர் பக்கத்துக்குள் போகத் தயங்குபவர்கள் ஞாயிறு மாலை நூலகத்துக்கு வரும்போது, அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்து வந்தால் உட்கார்ந்து பார்ப்போம். அதை வாட்ஸப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பாஸ்வேர்டும் அதில்தான் இருக்கிறது.