கற்காலத்து ஆளுன்னு ஓட்டுறீங்களா?

ஃப்ரெண்டோட மொபைல் கொஞ்சம் பழசா இருந்தாப் போதும். 'டேய், இன்னும் கற்காலத்துலயே இருக்கியேடா!'ன்னு கலாய்ச்சிடுவோம். அடுத்த தடவை அப்படிச் சொல்றதுக்கு முன்னாடி, இதைப் படிச்சிடுங்க பாஸ்!

தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் போகும்போது பல்லாவரத்தைத் தாண்டுவீங்களே... அங்கேதான் 1863 மே 30 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது மனிதக் கை செதுக்கிய கோடரி! இந்தியாவின் கற்கால ஆராய்ச்சிக்கு அதுதான் பிள்ளையார் சுழி. அதே வருஷம் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். பின்னாளில் அங்கே அகழாய்வு செய்த சாந்தி பப்பு குழுவினர், கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் அறிவித்தார்கள். நம்ம ஹோமோ சேப்பியன்ஸ் இனமே அப்போ தோன்றவில்லை!

'கல்லைக் கல்லால அடிக்கிறதுல என்ன பெரிய வித்தை?' என்கிறீர்களா? ட்ரை பண்ணிப் பாருங்க. கல் உடையும்... கூடவே விரலும் நசுங்கும்!

முதலில், விரிசல் இல்லாத குவார்ட்சைட் கல்லாகத் தேடணும். அதன் ஓரத்தில், இன்னொரு உருண்டைக் கல்லால் சரியான சாய்வில் ஓங்கித் தட்டணும். ஒரு சில்லு பெயரும். கல்லைத் திருப்பிப் போட்டு, பெயர்ந்த அந்தத் தடத்திலேயே அடுத்த தட்டு. இப்படி இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்டினால், நீர்த்துளி வடிவத்தில் கூரான கோடரி ரெடி. ஒரு அடி பிசகினாலும் மொத்தமும் அவுட். இதில் 'அன்டூ' பட்டன் கிடையாது! இன்றைய ஆய்வாளர்களே இதைக் கற்றுக்கொள்ள மாதக்கணக்கில் கல் தட்டுகிறார்கள்.

இன்னொரு ஆச்சரியம். அதே அத்திரம்பாக்கத்தில் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே டெக்னிக் மாறிவிட்டது என்று 2018-ல் தெரியவந்தது. தாய்க் கல்லை முதலில் பக்குவமாகச் செதுக்கி வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே தட்டு... நினைத்த வடிவத்தில் சில்லு கையில்! 'லெவலுவா' என்பது இதன் பெயர். கடைசி அடியை மனசுக்குள் பார்த்துவிட்டுத்தான் முதல் அடியையே அடித்திருக்கிறார்கள். நாம செமஸ்டருக்கு முதல் நாள் ராத்திரிதானே சிலபஸையே தேடுறோம்?

புத்தகம் இல்லை, வகுப்பு இல்லை. தெரிந்தவர் தட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, கல் கல்லாக உடைத்து வீணாக்கித்தான் அடுத்த தலைமுறை கற்றிருக்க வேண்டும். நடுவில் ஒரு தலைமுறை 'போர் அடிக்குது'ன்னு எழுந்து போயிருந்தால், அந்த வித்தையே அங்கு அறுந்துபோயிருக்கும்.

ஃபூட் சேகரித்த கருவிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு லீவு நாளில் கேங்கோடு போய்ப் பாருங்க. அப்புறம் யாராவது உங்களை 'கற்காலத்து ஆளு'ன்னு ஓட்டினா, 'தேங்க்ஸ் மச்சி!'ன்னு சொல்லிட்டு, காலரைத் தூக்கி விட்டுக்கலாம்!