போர்க்களமும் பனிக்கடலும் நடத்தும் பிசினஸ் வகுப்பு... தெரியுமா?

போன காரியம் படுதோல்வி. ஆனாலும் அந்த மனிதர் இன்று ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் பாடம்! யார் தெரியுமா? எர்னஸ்ட் ஷாக்கிள்டன்! அண்டார்டிகாவைக் குறுக்கே கடக்க 1914-ல் கிளம்பியவர். அந்தப் பயணத்தில் கண்டத்தில் கால்கூட வைக்கவில்லை! 1915 ஜனவரியில் 'எண்டூரன்ஸ்' கப்பல் பனியில் சிக்கியது. நவம்பரில் நொறுங்கி மூழ்கியது. மிதக்கும் பனிப்பாளத்தில் 28 பேர்!

"ஆளுக்கு ஒரு கிலோ சாமான்தான்" என்று உத்தரவு. தங்கக் காசுகளை முதலில் பனியில் வீசியது யார்? தலைவரேதான்! ஆனால், ஒரு பாஞ்சோ வாத்தியத்தை மட்டும் விடாமல் எடுத்துவரச் சொன்னார். சோர்ந்த மனதுக்கு அதுதான் மருந்தாம்!

படுக்கைப் பை கதை தெரியுமா? கதகதப்பான தோல் பைகள் 18, கம்பளிப் பைகள் 10. சீட்டுக் குலுக்கினார்கள். தோல் பைகள் சாதாரண மாலுமிகளுக்கே விழுந்தன! ஷாக்கிள்டனுக்கும் மூத்த அதிகாரிகளுக்கும் கம்பளிதான். ஆமாம், குலுக்கலில் தில்லுமுல்லு! அதுவும் மேலிடத்துக்கு மட்டமானது வரும்படி!

ஓயாமல் முணுமுணுக்கிறவர்களை என்ன செய்தார்? தன் கூடாரத்திலேயே சேர்த்துக்கொண்டார்! அதிருப்தி மற்றவர்களுக்குப் பரவ வழியே இல்லை. எனக்கு இவரிடம் மிகவும் பிடித்த தந்திரம் இதுதான்.

பிறகு? எல்லோரும் எலிஃபன்ட் தீவில் ஒதுங்கினார்கள். அங்கிருந்து உதவி தேடி சுமார் 22 அடிப் படகு, ஷாக்கிள்டன் உட்பட 6 பேர், கொந்தளிக்கும் கடலில் சவுத் ஜார்ஜியா தீவு வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர்! இறங்கியதும் அந்தத் தீவின் பனிமலைகளை 36 மணி நேரத்தில் தாண்டினார். எலிஃபன்ட் தீவில் காத்திருந்த 22 பேரை மீட்க மூன்று முயற்சிகள் வீண். நான்காவது முறை, 1916 ஆகஸ்ட் 30 அன்று மீட்டே விட்டார்! கப்பலில் இருந்த 28 பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை! அந்தக் கப்பலை 2022-ல் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு ஆழத்தில்? 3,008 மீட்டர்!

இனி போர்க்களம். இரண்டாம் உலகப் போர், பிரான்ஸின் டன்கிர்க் கடற்கரை, 1940. அங்கே சிக்கிக்கொண்டவர்களில் சுமார் 45,000 வீரர்களைக் காப்பாற்றினாலே பெரிது என்று பிரிட்டன் நினைத்தது. மீன்பிடிப் படகு, உல்லாசப் படகு என்று கிடைத்ததையெல்லாம் இறக்கினார்கள். மீண்டவர்கள் எத்தனை பேர்? 3,38,226!

நார்மண்டித் தாக்குதலுக்கு முன்பே தளபதி ஐசன்ஹோவர் ஒரு தோல்வி அறிக்கையை எழுதி பர்ஸில் வைத்திருந்தார், தெரியுமா? வீரர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள், பழி முழுக்க என்னுடையது என்று! எழுதியது 1944 ஜூன் 5. பதற்றமோ என்னவோ, தேதியை ஜூலை 5 என்று போட்டுவிட்டார்!

1962 கியூபா ஏவுகணை நெருக்கடி. 13 நாள் உலகமே நடுங்கியது! அமெரிக்க அதிபர் கென்னடி என்ன செய்தார்? சில ஆலோசனைக் கூட்டங்களுக்கு வேண்டுமென்றே போகவில்லை! தலைவர் எதிரில் இருந்தால் மற்றவர்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்களே!

அமெரிக்க ராணுவத்தில் பயிற்சி முடிந்ததும் சிப்பாயும் அதிகாரியும் பதவி பார்க்காமல் உட்கார்ந்து பேசுவார்கள். கேள்விகள் நான்கே நான்கு! என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம்? என்ன நடந்தது? ஏன்? அடுத்த முறை என்ன செய்வோம்? பல கம்பெனிகள் இதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டன. உங்கள் அடுத்த புராஜெக்ட் முடிந்ததும் நீங்களும் கேட்டுப் பாருங்களேன், டீமிலேயே ஜூனியரை முதலில் பேசவிட்டு!